முதல் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டியது

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்றதும் நெய்யூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஓடுகிறோம். இருபது வயதுப் பையனுக்கு லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) என்றால், பிழைப்பானா என்பது ஒன்றுதான் வீட்டாரின் கேள்வி. நியாயம்தான். ஆனால் விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றி முதல் கீமோ (புற்றுநோய் மருந்துச் சிகிச்சை) ஏறுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும். சிலருக்கு அது திரும்ப ஆண்டுக்கணக்காகும், சிலருக்குத் திரும்பாது. கீமோ தொடங்கியபின் எடுத்தாலோ மரபணுச் சேதம் பற்றிய பயம் இருக்கிறது.

இதனால் சிகிச்சை பெரிதாகத் தள்ளிப்போகாது. இரண்டு மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்தபின் ஒரு விந்து சாம்பிள், அவகாசம் இருந்தால் இன்னொன்று. லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள், டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்து, உடல் சூட்டிலேயே கொண்டுசேர்க்க வேண்டும். ஐஸ் கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்தால் அதிலுள்ள பூச்சு அணுக்களைக் கெடுக்கும். எண்ணெய், சோப்பு, எச்சிலும் அப்படித்தான். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அவை சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிட வேண்டும்.

நோயின் களைப்பில் எண்ணிக்கை குறைவாக இருப்பது சகஜம். 'இதைச் சேமித்து என்ன பயன்' என்று யாரும் விட்டுவிடக் கூடாது. உறைவதில் அணுக்கள் சேதமாகாமல் காக்கும் கிளிசரால் கலந்து மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்தாலும், உருக்கும்போது அசையும் அணுக்களில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆனால் விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணுவே போதும். ஒரே சாம்பிளைப் பல குழாய்களாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, போன் எண் மாறினால் யாரிடம் சொல்வது, சேமித்தவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கட்டும்.

சேமிக்காமல் விட்டவர்களும் உடனே கைவிட வேண்டாம். விந்தில் அணுவே இல்லாத சிலருக்கு விரையில் நுண் அறுவை செய்து தேடினால் கிடைப்பதுண்டு. அதுவும் இல்லையென்றால் தானமாகப் பெற்ற விந்தணு இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கொடையாளிக்கு வயது 21 முதல் 55 வரை. ஒருவருடைய விந்தணுவை ஒரே தம்பதிக்குத்தான் வழங்கலாம். பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் குழந்தை, கொடையாளிக்கு உரிமை எதுவும் கிடையாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் கட்டாயம். எச்.ஐ.வி. தொற்று ஆரம்ப நாட்களில் ரத்தத்தில் தெரியாமல் போகலாம் என்பதால், கொடையாளியிடமிருந்து புதிதாக எடுத்ததை உறையவைக்காமல் அப்படியே செலுத்த ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.

தான விந்தணுவில் பலன் பெரும்பாலும் மனைவியின் வயதைப் பொறுத்தே அமைகிறது. விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ-யில் ஒரு சுற்றுக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் குழந்தை கிடைத்தாலே நல்ல பலன். முப்பத்தைந்தைத் தாண்டினால் அதுவும் குறையும். ஊர் என்ன சொல்லுமோ என்று வருடங்களைக் கடத்தாமல் கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, குமரி மாவட்டம்.