ரெக்கார்டு நோட்டில் மட்டும் நடக்கும் சோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பென்னாகரம் பக்கம் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 7-க்குக் கீழே இருந்தால் அமிலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் லிட்மஸ் தாள் நிறம் மாறுவதை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதையும் ஒருவரைப் பார்த்து ஒருவர் ரெக்கார்டு எழுதியே முடித்துவிடுகிறார்கள். பாடத்தை முடிக்கவே ஓடும் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடி, பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இன்றும் பல வீடுகளில், கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும். ஃபுளோரைடு அப்படியே தங்கி, செறிவு கூடும். பத்தாம் வகுப்பின் 'கரைசல்கள்' பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது!

பிள்ளைகள் அவரவர் ஊர் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரட்டும். அதில் சோதனை மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு ஃபுளோரைடு அளவைப் பார்க்கும் எளிய பரிசோதனைப் பெட்டி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கு ஒன்று என இந்த ஆண்டே கல்வித் துறை வழங்க வேண்டும்.

– ஒரு மாணவியின் தாய்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்