தொழிற்பிரிவு 'இருக்கவே இருக்கிறது'

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று சென்ற வாரம் முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். முதல் குரூப், இரண்டாம் குரூப், காமர்ஸ் எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக விளக்கம். கடைசியில் ஒரே வரி: "மதிப்பெண் குறைந்தவர்களுக்குத் தொழிற்கல்விப் பிரிவு இருக்கவே இருக்கிறது." ரேஷன் கடையில் பச்சரிசி தீர்ந்துவிட்டது, புழுங்கலரிசி இருக்கவே இருக்கிறது என்பது மாதிரி.

நான் 1991-ல் கட்டடப் பொறியியல் தொழிற்பிரிவில் பிளஸ் டூ முடித்தவன். (கட்டிடம் என்றால் மனை, எழுப்பியது கட்டடம் என்று எங்கள் சார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் பக்கத்தில் மூன்று இடத்தில் மாறிக் கிடக்கிறது. போகட்டும்.) பத்தாம் வகுப்புக் கணக்கில் எனக்கு 81. விரும்பித்தான் சேர்ந்தேன்.

சிமென்ட் வாங்கப் பள்ளியில் காசு கிடையாது. களிமண் கலவையில் சுவர் கட்டுவோம், மறுநாள் பிரித்து அதே செங்கல்லில் திரும்பக் கட்டுவோம். மூலையில் குயின் குளோசர் (நீளவாக்கில் பாதியாக வெட்டிய செங்கல்) வைக்க மறந்து, வரிக்கு வரி இணைப்பு ஒரே நேராக விழுந்துவிட்டால் சார் திட்டமாட்டார். தூக்குக்குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். பிரித்துக் கட்டு என்று அர்த்தம்.

போன தை மாதம் என் சைட்டுக்கு ஒரு பி.இ. தம்பி வந்தார். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப்புக்குள் காற்றுக் குமிழி நிற்பதைக் கவனிக்காமல் மட்டம் குறித்துவிட்டார். பேஸ்மென்ட் ஒரு பக்கம் முக்கால் அங்குலம் ஏறிவிட்டது. தம்பியைக் குறை சொல்லமாட்டேன். நான்கு வருடப் படிப்பில் அவர் கையில் யாரும் டியூப்பைக் கொடுக்கவே இல்லையாம். எனக்குப் பதினாறு வயதில் கொடுத்தார்கள்.

1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது என்ன கதி? எங்கள் சார் ஓய்வுபெற்ற இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. பட்டறையில் இலவச சைக்கிள்கள் அடுக்கியிருக்கின்றன. போன வருடம் மகளுக்காக வேறொரு பள்ளியில் விசாரித்தேன். "பொண்ணுக்கு எதுக்குங்க கொத்து வேலை?" என்று சிரித்தார்கள். பெண்கள் நாளெல்லாம் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கலாம், கரண்டி மட்டும் பிடிக்கக்கூடாது போல.

இன்னொன்று. தொழில் என்று வாயெடுத்தாலே குலக்கல்வி என்கிறவர்களும் உங்கள் பத்திரிகையில்தான் எழுதுகிறார்கள். அந்தத் திட்டம் 1953-ல் வந்தது, பாதி நாள் அப்பன் தொழிலைப் பழகு என்றது. காமராஜர் 1954-ல் அதை ஒழித்தது நியாயம். என் அப்பா டீக்கடையில் டீ ஆற்றினார். என் பக்கத்தில் நின்று நூல் பிடித்தவன் தபால்காரர் மகன். இதில் எங்கே வந்தது குலம்?

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியிருக்கிறது. அன்று உங்கள் பக்கத்தில் அதைச் சொல்ல இடம் போதவில்லை போலும். அடுத்த வாரம் அதை இரண்டு வரியில் போடுங்கள். பிளஸ் ஒன் அட்மிஷன் முடிவதற்குள் வந்தால் யாருக்காவது உதவும்.

இப்படிக்கு,
பழைய தொழிற்பிரிவு மாணவன்,
விருதுநகர் மாவட்டம்.