டின் போடுவதை நிறுத்திவிடு, பாப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பேரன் நடுவில் வந்து டைனோசர் காட்டுகிறான், அந்த இரைச்சலில் இதைச் சொன்னால் நீ பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயாகவே கற்பனை செய்து கலங்குவாய். அதனால்தான் திண்ணையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். மாதாமாதம் நீ ஆன்லைனில் போட்டு நம் வாசலில் வந்து இறங்குகிற அந்த டயட் சோடா பெட்டியை இனிமேல் போடாதே. நான் அதைக் குடிப்பதை விட்டு நாலு மாதம் ஆகிறது. கடைசியாக வந்த மூன்று பெட்டியும் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு. நீ வாங்கிக் கொடுத்தது தப்பே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வயிற்றின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மதுரை–ராமேஸ்வரம் பஸ்ஸில் கண்டக்டராக ஓடிய காலத்தில் எனக்கு ஸ்டேஜ் எல்லாம் டிக்கெட் விலையால் மனப்பாடம் ஆகவில்லை, கழிப்பறையால் ஆனது. மானாமதுரையில் எந்த மூலை, பரமக்குடியில் எது காலையில் கழுவியிருக்கும், ராமநாதபுரத்தில் எங்கே சில்லறை இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள், எல்லாம் அத்துப்படி. பெரும்பாலும் மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போதுதான் பிசையத் தொடங்கும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாலம், இரண்டு பக்கமும் கடல். வண்டியில் இருக்கிறவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து, அதோ ரயில் பாலம் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேர்த்து நிற்பேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் மிதிப்பார். நல்ல மனுஷன். அவருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எல்லாம் அப்பாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

2017இல் ஒரு வழியாகக் குடல் டாக்டரிடம் போனேன். முதல் நாள் இரவு ஒரு மருந்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, விடியவிடிய என்னை ஓடவிட்டு, மறுநாள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. இவ்வளவு வலிக்கிறது, ஒன்றும் இல்லையா? அப்புறம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது ஐபிஎஸ், இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது சட்டென்று கலங்கிவிடும் குடல். குடல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதன் நரம்புகள் கொஞ்சம் அதிகமாகவே உணரும், மற்றவர்களுக்குத் தெரியாத காற்று நமக்கு வலியாகத் தெரியும், மூளையும் குடலும் பேசிக்கொள்வதில் கோளாறு. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் முழுசாகவும் போகாது, பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து எனக்கு ஐபிஎஸ்ஸாம் என்றதும் உன் பெரியப்பா, "இந்த வயசிலா, எந்த ஜில்லாவில் போஸ்டிங்?" என்று கேட்டார். எட்டு வருஷம் ஆகியும் அந்த ஜோக்கை அவர் விடவில்லை.

சர்க்கரை 2016இலேயே வந்துவிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆக மதுரையில் இருந்துகொண்டு ஜிகர்தண்டா கிடையாது, பன்னீர் சோடா கிடையாது, கல்யாண வீட்டில் கேசரி கிடையாது. 2022 டிசம்பரில் நீ மெல்போர்னில் இருந்து வந்தபோது முதல் டின்னை உடைத்து என் கையில் கொடுத்து, "அப்பா, இதில் சர்க்கரையே இல்லை, தைரியமாகக் குடிங்க" என்றாய் பார், ஆறு வருஷம் கழித்து ஒருவர் என்னிடம் "குடிங்க" என்று சொன்ன இனிப்பு அது. அதனால்தான் பிடித்துப்போனது. ருசி என்று பார்த்தால் முதல் வாரம் இருமல் மருந்து மாதிரிதான் இருந்தது.

அப்புறம் அது பழக்கம் ஆயிற்று. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. டின் திறக்கும்போது 'டஸ்' என்று ஒரு சத்தம் வருமே, தொண்டையில் ஒரு சுருக், பின்னாலேயே ஒரு ஏப்பம். நம் ஊரில் ஏப்பம் வந்தால் செரித்துவிட்டது என்று அர்த்தம். கறிச்சோறு சாப்பிட்டு வயிறு கனமாக இருந்தால் கோலி சோடாவில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக் குடித்து வளர்ந்த ஆள் நான். சோடா வயிற்றுக்கு நல்லது என்பது எனக்கு இரத்தத்தில் ஊறிப்போன நம்பிக்கை. குடித்த வாயுதான் திரும்ப மேலே வருகிறது, அதற்கும் செரிமானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அறுபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

இந்த இரண்டு வருஷமும் வயிறு மோசமாகிக்கொண்டே போனது. நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. முதலில் பால், அப்புறம் கோதுமை தோசை, அப்புறம் உன் அம்மாவின் சாம்பார். பருப்பு வேகவில்லை என்றேன், பெருங்காயம் போதவில்லை என்றேன், பழைய புளி என்றேன். ஒருநாள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தும் போனேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. கையில் டின்னைப் பிடித்துக்கொண்டே சாம்பாரைத் திட்டியிருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தார், என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை போனேன், வலி எவ்வளவு என்று. முப்பது வருஷம் டிக்கெட் கணக்கு இன்வாய்ஸ் எழுதின கைக்கு இது ஒரு வேலையா? கோடு போட்டு, நேரம் போட்டு, கூட்டிக் கழித்து எழுதினேன். ஆனால் டின்னை அதில் ஏற்றவே இல்லை! தண்ணீர் மாதிரிதானே என்று விட்டுவிட்டேன். செக்கர் ஏறியிருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார். அப்போதுதான் உன் பழைய கார்டு காலாவதியாகி ஆர்டர் நின்றுபோனது, ஞாபகம் இருக்கிறதா? பதினோரு நாள் டின் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் மண்டை பிளந்தது, எரிச்சல், உன் பெரியப்பாவிடம் காரணமில்லாமல் சண்டை. ஐந்தாம் நாளில் இருந்து நோட்டைப் பார்த்தால் ஆறு ஏழு தடவை என்று இருந்தது மூன்றுக்கு வந்திருந்தது. சாம்பார் அதே சாம்பார். பெட்டி வந்ததும் மறுபடி குடித்தேன், இரண்டே நாளில் மறுபடி ஆறு. நிறுத்தினேன், இறங்கியது. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம், இது இரண்டு சிங்கிள், அதாவது இரண்டு நடை, ஓட்டிப் பார்த்த கணக்கு.

டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" "நீங்கள் கேட்கவில்லையே சார்." அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. அந்தத் திரவத்தில் கரைத்து அடைத்திருக்கிற வாயு வெளியே வந்தால் டின்னைப் போல மூன்று மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். மூன்று 300 மில்லி டின் என்றால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் காற்று. ஏப்பமாக வந்தது போக மீதி வயிற்றை ஊத வைக்கும், மற்றவர்களுக்கு அது உப்புசம், என்னைப் போன்ற குடலுக்கு அது வலி. இரண்டாவது காஃபின். காபி வயிற்றைக் கிளப்புகிறது என்று டிகாக்‌ஷனைக் குறைத்து ஒரே டம்ளருக்கு வந்தவன் நான், பின்வாசல் வழியாக அதே காஃபினை மூன்று டின்னில் உள்ளே விட்டிருக்கிறேன். டின்னிலேயே போட்டிருக்கிறது, காஃபின் உள்ளது என்று. எறும்பு மாதிரி எழுத்து. மண்டை பிளந்ததற்கும் அதுதான் காரணமாம், திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் வலிக்குமாம். அதனால் இரண்டாம் முறை ஒரேயடியாக விடாமல் மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, மூன்று வாரத்தில் விட்டேன்.

உன் மாமா 2023இல் இருந்து அந்தப் புற்றுநோய் வாட்ஸ்அப் செய்தியை வாரம் ஒருமுறை அனுப்புகிறார். அதற்குப் பயந்து நான் விடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ ராத்திரி தூங்கமாட்டாய். அந்த வருஷம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டின்னில் சர்க்கரைக்குப் பதிலாக இருக்கிற அஸ்பார்டேம் என்ற இனிப்பை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் அதே நேரத்தில், உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி அளவை மாற்ற வேண்டியதில்லை என்று உணவுச் சேர்க்கைகளைப் பார்க்கிற இன்னொரு நிபுணர் குழு சொன்னது. எழுபது கிலோ ஆள் அந்த அளவைத் தாண்ட ஒரு நாளைக்கு ஒன்பது டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். நான் குடிகாரன்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சர்க்கரை போட்ட சோடாவைக் குடிக்கிற சர்க்கரை நோயாளிக்கு இது எவ்வளவோ மேல் என்று டாக்டரும் சொன்னார். என் வழக்கு வேறு, குடல் வழக்கு.

இன்னொரு குற்றவாளியும் உன் பெட்டியில்தான் வந்தது. அந்தச் சர்க்கரை இல்லாத புதினா மிட்டாய். போன தையில் காரைக்குடி கல்யாணத்துக்குப் போகும்போது வழியெல்லாம் அதைச் சப்பிக்கொண்டே போனேன், திருப்பத்தூர் வருவதற்குள் வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் சார்பிட்டால் என்று ஒரு இனிப்பு. குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே போகும், அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைத்துக் காற்று உண்டாக்கும். அதிகமாகச் சாப்பிட்டால் பேதியாகலாம் என்று பாக்கெட்டின் பின்னாலேயே போட்டிருந்தது. படித்தது யார்? இறங்கின பிறகு உன் அம்மா. டின்னில் இருக்கிற அஸ்பார்டேம் இந்த ரகம் இல்லை, 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்று என்று நினைக்கக்கூடாது என்று அதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

வேடிக்கை என்ன தெரியுமா, டாக்டர் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியல் உன் ஊரில் பிறந்ததாம். மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம். நீ தினமும் அந்தப் பக்கம்தானே ரயிலில் போகிறாய்? வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து எது தொந்தரவு என்று பார்க்க வேண்டும். வெங்காயமும் பருப்பும் இல்லாமல் தமிழ் வீட்டில் என்ன சமைப்பது என்று அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரிசி தப்பித்தது, அது வரைக்கும் புண்ணியம். எண்ணெயில் பூண்டை வதக்கி எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் நிற்கும், தொந்தரவு பூண்டோடு போய்விடும் என்று ஒரு வழி சொன்னார்கள், அதில் ரசம் தாளித்தால் நன்றாகவே இருக்கிறது. ஆக சாம்பாருக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை, சின்ன வெங்காயத்தால் ஜாமீன்தான். ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், பரவாயில்லை. குணமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன மாதம் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது, டின்னும் இல்லை பூண்டும் இல்லை, அன்றைக்கு ஐந்து தடவை. கவலைக்கு அந்தக் குடல் உடனே பதில் சொல்லும். சர்க்கரை அளவிலும் பெரிய மாற்றம் இல்லை, மூன்று மாதச் சராசரி 7.4 இருந்தது 7.3. ஆனால் வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயிலுக்குப் போய் ஆடி வீதியில் ஒரு சுற்று நிம்மதியாக நடக்கிறேன், வாசலுக்குப் பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று தேடாமல். அது போதும். குடிப்பதற்குச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், இல்லையென்றால் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர். அதெல்லாம் மருந்து என்று நான் நம்பவில்லை, காற்று இல்லாத ஏதோ ஒன்று, அவ்வளவுதான். தொண்டையில் அந்தச் சுருக் இதில் எங்கே வரும்? நாலு மணி ஆனால் இன்னமும் கை கட்டிலுக்கு அடியில் போகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீயும் மூன்று மாதமாக வயிறு வயிறு என்கிறாய். அலுவலகத்தில் மதியம் இரண்டு டின் என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. நான் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கும் அதேதான் என்று நீயாக முடிவு கட்டாதே. போய் டாக்டரைப் பார். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலேயே வலி எழுப்பிவிடுவது, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதே. கோதுமையையும் இப்போதே நிறுத்தாதே, கோதுமை ஒவ்வாத சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறதாம், அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்தால்தான் சரியாகத் தெரியும். அதற்கு நடுவில் ஒரு நோட்டுப் போடு. டின்னையும் ஏற்று, உன் அப்பனைப் போல விட்டுவிடாதே.

ஆர்டரை இன்றைக்கே நிறுத்திவிடு. அந்தக் காசுக்கு வேறு எதையும் அனுப்ப வேண்டாம், மிட்டாய் வேண்டவே வேண்டாம். எனக்கு நாலு மணி என்றால் உனக்கு இப்போது இரவு எட்டரை, பையன் தூங்கியிருப்பான். முடிகிற நாளில் ஐந்து நிமிஷம் கூப்பிடு, அந்த நேரம்தான் எனக்குக் கஷ்டமான நேரம்.

கட்டிலுக்கு அடியில் இருப்பதைத் தெருமுனை டீக்கடைத் தம்பி எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான். அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள், சாம்பாரைப் பற்றி எழுதியாயிற்றா என்று இரண்டாம் தடவையாகக் கேட்கிறாள். எழுதியாயிற்று என்றேன். படித்துக் காட்டச் சொல்கிறாள்.

அப்பா