திருட்டுப்போய்த் திரும்பிய வண்டியை உடனே உதைக்காதே

அன்பு மகள் கயலுக்கு, அப்பா எழுதுவது.

களவுபோன ஸ்ப்ளெண்டர் பைக் கைக்கு வந்துவிட்டது, ஸ்டார்ட்தான் ஆகவில்லை என்று சொன்னாய். இதற்குள் எத்தனை தடவை உதைத்தாயோ தெரியாது, இனி நான் சொல்லும்வரை உதைக்காதே. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்.

நேற்று ஓடி இன்று நின்ற வண்டியில் பெரும்பாலும் ஒரு கோளாறுதான் இருக்கும். களவுபோய் வந்த வண்டி அப்படி இல்லையம்மா. பூட்டை உடைக்கும்போது கெட்டது ஒன்று, கண்டபடி ஓட்டிக் கெடுத்தது ஒன்று, ஸ்டேஷன் வாசலில் நாலு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்து கெட்டது ஒன்று. கரண்ட் கோளாறைச் சரிசெய்தும் பெட்ரோல் ஏறாததால் வண்டி எடுக்காது. உடனே புது சிடிஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பும் பெட்டி) வாங்கச் சொல்வார்கள். காசு போவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகு உதை.

ஸ்பானருக்கு முன்னால் போனை எடு. சுற்றிலும் போட்டோ எடுத்துக்கொள். உடைந்த சாவித் துவாரம், தொங்கும் ஒயர், டேங்க் மூடி எல்லாம் தெரியவேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரையும், எஞ்சினில் இருக்கும் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். அரம் தேய்த்த தடமோ, எண் மாறியிருப்பதோ தெரிந்தால் எதையும் கழற்றாமல் வக்கீலிடம் சொல்லிவிடு. வழக்கு முடியும்வரை கோர்ட் உனக்குத் தந்திருப்பது இடைக்காலப் பொறுப்பு மட்டும்தான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451, 457 என்பார்கள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 497, 503. விற்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, கேட்டால் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று உத்தரவில் நிபந்தனை இருக்கும், ஒரு தரம் படி. கழற்றும் பழைய பாகம் எதையும் தூக்கிப் போடாதே. உடைந்த லாக்கும் சாட்சிப் பொருள்தான்.

இனி வண்டிக்கு வருவோம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பு. லாக்கை எட்டி உதைத்து உடைத்திருந்தால், முறிந்த துண்டு உள்ளேயே கிடந்து ஓட்டும்போது ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகாத வண்டி ஆளைக் கொல்லாது, திரும்பாத ஹேண்டில் கொல்லும். எங்காவது இடறினால் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போ.

அடுத்தது ஆயில். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்து. ஆயில் மூடியோடு இருக்கும் குச்சியைத் துடைத்து, மரை திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் தெரியவேண்டும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எப்படி இருந்தாலும் பழையதை வடித்துவிட்டு 10டபிள்யூ30 ஊற்று. ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சுகிறதே என்று முழுவதையும் கவிழ்த்துவிடாதே. குச்சியே கணக்கு.

பிறகு 16 எம்எம் பிளக் ஸ்பானரால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. அந்தத் துளையில் 5 மில்லி எஞ்சின் ஆயிலை விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடு. மாதக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் துருவேறிப் பிடித்திருக்கும். காலையில் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்று. சுற்றினால் நல்லது. அசையவே இல்லையென்றால் கிக்கரில் ஏறி நிற்காதே, அது போர் (பிஸ்டன் ஓடும் உருளை) கழற்றும் வேலை.

சுற்றுகிறது என்றால் பிளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கிக்கரைக் கையால் அமுக்கு. காற்று விரலைத் தள்ளவேண்டும். இப்போது உள்ளே ஆயில் இருப்பதால் தேய்ந்த ரிங்கும் நன்றாகத் தள்ளுவதுபோலக் காட்டும், அதில் ஏமாறாதே. ஆயில் விட்டும் தள்ளவில்லையென்றால் வால்வைச் சந்தேகப்படு.

கரண்ட் விஷயத்தை நிதானமாகப் படி, முக்கால்வாசித் தொல்லை இதில்தான். உன்னுடையது 2016 மாடல், கார்பரேட்டர் வண்டி. அதில் ஏசி வகை சிடிஐ இருந்தால், எஞ்சின் சுற்றும்போது அதன் காயிலே பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும், பேட்டரி செத்திருந்தாலும் கிக்கரில் எடுக்கவேண்டும்; டிசி வகை என்றால் பேட்டரியும் நன்றாக இருக்கவேண்டும், எது என்று கையேட்டில் பார். ஏசி வகை என்றால், எல்லாரும் பேட்டரியை மாற்றச் சொன்னாலும் இப்போதைக்கு அதை விடு. (2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியாக இருந்தால் பேட்டரியிலிருந்துதான் தொடங்கச் சொல்லியிருப்பேன்.)

ஏசி வகையில் சாவி சுவிட்ச்சிலிருந்து நாலு ஒயர் இறங்கும்: சிவப்பு, கருப்பு, பச்சை, வெள்ளைக்கோடு போட்ட கருப்பு. பச்சை என்பது பாடி, அதாவது வண்டியின் இரும்போடு சேரும் எர்த். வெள்ளைக்கோடு போட்ட கருப்பு எஞ்சினை அணைக்கிற ஒயர். சாவியை அணைத்தால் சுவிட்ச் அதைப் பாடியோடு சேர்க்கும், பிளக்குக்கு வரும் கரண்ட் நின்றுபோகும். வெட்டி முறுக்கிய இந்த ஒயரின் முனை ஃபிரேமில் உரசிக்கொண்டு கிடந்தால், வண்டியைப் பொறுத்தவரை சாவி எப்போதும் அணைந்தே இருக்கிறது. நீ நாள் முழுக்க உதைத்தாலும் பொறி வராது.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை இந்த ஒயரிலும் மறு முனையைப் பெயிண்ட் இல்லாத போல்ட்டிலும் வை. சாவி அணைந்திருக்கும்போது பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். சாவியைப் போட்டால் தொடர்பு அறுபடவேண்டும். போட்டபிறகும் பூஜ்யம் என்றால் சுவிட்ச் உள்ளே நொறுங்கியிருக்கிறது, அல்லது ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஹெட்லைட்டுக்குள் ஒயர்கள் சேரும் கப்ளர்வரை விரலால் தடவிக்கொண்டே போ. டேப் சுற்றி ஒப்பேற்றாதே. சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடு.

பிறகு பிளக்கை அதன் கேப்பில் செருகி, மரைப்பக்கம் எஞ்சின் பாடியைத் தொடும்படி வைத்து உதை. பெட்ரோல் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. நீலமாய்ச் சுளீரென்று பொறி வரவேண்டும். மஞ்சளாய் மெலிந்து வந்தால் முதலில் பிளக்கையும் கேப்பையும் மாற்று, இரண்டும் சேர்ந்து சிடிஐயைவிட மலிவு. பிளக் இடைவெளிக்கு உன் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே வை.

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 10.5-க்குக் கீழே போய் மாதக்கணக்கில் கிடந்தால் புதுசுதான் வாங்கவேண்டும். சார்ஜ் போட்டுப் பார்ப்பதானால் 0.3 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதே. அது சின்ன பேட்டரி, கார் சார்ஜரில் வைத்தால் வெந்துவிடும்.

பெட்ரோலுக்கு வா. டேங்கில் இருப்பதை முழுக்க ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பத்து நிமிடம் வை. அடியில் தனி அடுக்காக நின்றால் தண்ணீர். மூடி உடைந்திருப்பதால் மழை இறங்கியிருக்கும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். துரு தெரிந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் புதுப் பெட்ரோல் ஊற்றாதே. ஊற்றினால் அந்தத் துரு நேரே கார்பரேட்டருக்குப் போகும்.

கார்பரேட்டரைத் திறக்கும்போது காற்று ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு கழற்று. காய்ந்த பெட்ரோல் கோந்துபோல ஒட்டி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைத்தான் முதலில் அடைக்கும். கிளீனர் அடித்து, ஒயரில் இருக்கும் ஒற்றைச் செப்பு இழையால் குத்து. ஊசியை விடாதே, துளை பெருத்தால் ஆக்சிலேட்டர் கொடுக்காமல் வண்டி ஜென்மத்துக்கும் ஐடிலில் நின்று ஓடாது.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திற. எலி கூடு கட்டியிருந்தாலும் கட்டியிருக்கும். சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். இது சிரிப்பாகத் தெரியும், ஆனால் புகை வெளியே போகாமல் எந்த எஞ்சினும் ஓடாது.

இவ்வளவும் ஆனபிறகு அரை லிட்டர் புதுப் பெட்ரோல், சோக்கை இழுத்து நாலைந்து உதை. எடுத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் அணைந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி உதை. அப்போது ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, வேறெதையும் தேடாதே.

வண்டி ஓடிவிட்டது என்பதற்காகத் தெருவுக்கு எடுத்துவிடாதே. பிரேக், டயர் பார்த்தாயா, இன்சூரன்ஸ் காலாவதி ஆகவில்லையே? களவுக்காகக் கம்பெனி ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் அவர்களுக்கு எழுத்தில் சொல்லியாகவேண்டும், வண்டிமேல் உரிமை இப்போது அவர்களுக்கு. உன் நம்பரில் அந்த நாலு மாதத்துக்கு ஏதாவது சலான் வந்திருக்கிறதா என்றும் பார், வந்திருந்தால் எஃப்ஐஆர் நகலோடு மறுப்புக் கொடு. லாக்கை முழு செட்டாக மாற்று: சாவி சுவிட்ச், டேங்க் மூடி, பக்க மூடி மூன்றும்.

முதலில் அந்த நாலு ஒயரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. மீட்டர் என்ன காட்டியது என்பதையும் கூடவே எழுது.

அப்பா