பால்வாடிக்கு இன்னும் அதே எட்டு ரூபா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

2025 மத்திய பட்ஜெட் போட்ட மறுநாள் பேப்பர எங்க வீட்டுக்காரர் டீக்கடையில இருந்து வாங்கியாந்தாரு, தையல் மிஷின்ல உக்காந்துக்கிட்டே படிச்சேன். அங்கன்வாடி, ஊட்டச்சத்துக்கு நிதி கூடிருக்குன்னு போட்டிருந்துச்சு. வாஸ்தவம்தான், 2024-25க்கு 21,200 கோடி, 2025-26க்கு 21,960 கோடி. கோடியில பாத்தா மலைப்பாத்தான் இருக்கு, கணக்கு போட்டா நூத்துக்கு நாலு ரூபா கூட ஏறல.

என் சின்ன மக இங்க பால்வாடிக்கு போறா. ஒரு புள்ளைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு டெல்லி வச்சிருக்க ரேட்டு எட்டு ரூபா, அதுல பாதி மத்திய அரசு பாதி மாநில அரசு. இது 2017ல வச்சது, ஜிஎஸ்டி வந்த புதுசு. அப்ப என் பெரியவன் அதே பால்வாடியில இருந்தான், இப்ப ஆறாங்கிளாஸ் படிக்கிறான், அவனுக்கு போட்ட அதே எட்டு ரூபாதான் அவன் தங்கச்சிக்கும். பருப்பு, எண்ணெய் எல்லாம் அப்ப என்ன வெல இப்ப என்ன வெல. தொகைய குறைச்சாத்தான் வெட்டா? வெல ஏற ஏற காச அப்படியே விட்டு வச்சா அதுவும் வெட்டுதானுங்களே. நம்ம ஊர்ல வாரம் மூணு முட்டை குடுக்குறதால ஏதோ ஓடுது. அந்த டீச்சரையும் ஆயாவையும் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க என்ன செய்வாங்க பாவம்.

எங்க மாமனாருக்கு முதியோர் பென்ஷன் 1,200 வருது. 2023ல 1,000த்த 1,200 ஆக்குனது மாநில அரசு. அதுல டெல்லி பங்கு எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பீங்க, 200 ரூபா. 2007லயும் 200, இன்னிக்கும் 200. எண்பது வயசு ஆனாத்தான் 500. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போய்ட்டு வர பத்துமா அது?

இங்கிட்டு நம்ம மாநில அரசு மட்டும் ஒழுங்கான்னு கேட்டா அதுவும் இல்ல. 2024ல மே மாச பருப்பையும் பாமாயிலையும் ஜூன்ல வாங்கிக்கங்கன்னாங்க, ரேஷன்ல 30 ரூபா பருப்பு வரலேன்னா கடையில 150க்கு மேல குடுக்கணும், அந்த மாசம் எங்க வீட்டுல ரசந்தான். ஆனா மனசு வச்சா முடியும்ங்கிறதுக்கும் நம்ம மதுரையே சாட்சி, ஸ்கூல் புள்ளைகளுக்கு காலைச் சாப்பாடு 2022 செப்டம்பர்ல சிம்மக்கல்லுலதான ஆரம்பிச்சாங்க.

உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன் ஐயா. பட்ஜெட் அன்னிக்கு எது வெல குறையும் எது வெல கூடும்னு செல்போன், தங்கம், காருன்னு கட்டம் கட்டி போடுறீங்கள்ல, அடுத்த வருஷம் அதுக்கு கீழயே பால்வாடி புள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு ஒரு வரி சேத்து போடுங்க.

இப்படிக்கு
ஒரு வாசகி, செக்கானூரணி