ஹிஸ்டோன் வெறும் நூல்கட்டை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் மரபணு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஹிஸ்டோன் புரதங்களுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே வரி: டி.என்.ஏ. என்ற நூலைச் சுற்றிவைக்கும் கட்டைகளாம். அத்தோடு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அதே பக்கத்தின் பெட்டிச் செய்தியோ, நல்ல எண்ணங்களால் மரபணுவையே மாற்றிப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் கொடுக்கலாம் என்கிறது. முதலாவதை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இரண்டாவதற்கு வேலையே இருந்திருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டை என்று நினைத்தவர் உங்கள் கட்டுரையாளர் மட்டுமல்ல, விஞ்ஞானிகளே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1884-இல் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் கோசல் பெருவாத்தின் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்தார். நம் சிவப்பணு முதிரும்போது உட்கருவை இழந்துவிடும். பறவைக்கு அது கடைசிவரை இருக்கும். நான் பள்ளியில் விலங்கியல் எடுத்த காலத்தில் கோழிக்கடையிலிருந்து கொஞ்சம் ரத்தம் வாங்கி வந்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, சாயம் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். நீள்வட்டமான ஒவ்வொரு அணுவின் நடுவிலும் கருநீலமாக ஒரு பொட்டு தெரியும். கோழியின் டி.என்.ஏ. மொத்தமும் அந்தப் பொட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அங்கே மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே முடங்கிக் கிடக்கின்றன. ஹெச்5 என்ற தனி வகை ஹிஸ்டோன் டி.என்.ஏ.வை அப்படி இறுக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகள் கேட்பார்கள்: "அப்போ எதற்கு சார் அது?" நல்ல கேள்விதான்.

சுற்றிவைக்கும் வேலை பொய் இல்லை. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டை. அதன்மேல் 147 எழுத்து இணைகள் (டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும்) நீளமுள்ள டி.என்.ஏ. ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம். ரோஜர் கார்ன்பெர்க் 1974-இல் முன்வைத்த இந்த அமைப்பின் படம் நம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக வரைந்து பழகுகிறார்கள். அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியாதது, உருண்டையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் வால்கள். விஷயமே அங்கேதான்.

அந்த வால்களில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய. லைசினுக்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், ஆகவே இரண்டும் இறுக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு நொதி வந்து லைசினில் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டினால் அந்த மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும். மரபணுவைப் படியெடுக்க வரும் நொதிகளுக்கு இடம் கிடைக்கும். இன்னொரு நொதி அந்த அசிட்டைலைப் பிய்த்தெடுத்தால் பழையபடி இறுகிவிடும். அசிட்டைல் ஏறினால் ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படி) உற்பத்தி கூடுகிறது என்று விஞ்ஞானி வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லேயே எழுதினார். பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1996-இல் டேவிட் ஆலிஸ் குழு, அசிட்டைலை ஒட்டும் நொதியும் மரபணுவை இயக்குவதாக ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு புரதமும் ஒன்றேதான் என்று காட்டிய பிறகே நிலைமை மாறியது. மெத்தில் என்ற இன்னொரு வேதித் தொகுதியின் கதை வேறு: ஹெச்3 என்ற வகை ஹிஸ்டோனின் வாலில் நான்காவது இடத்து லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் அது இயங்கும் மரபணுவின் அடையாளம்; ஒன்பதாவதிலோ இருபத்தேழாவதிலோ இருந்தால் முடங்கிய மரபணு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டாணிச் செடியின் ஹெச்4 என்ற வகை ஹிஸ்டோனையும் கன்றுக்குட்டியின் ஹெச்4-ஐயும் 1969-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 102 அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டுதான் வேறு. செடிக்கும் மாட்டுக்கும் பொதுவான மூதாதை எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முந்தையது! வெறும் கட்டையாக இருந்தால் இதற்குள் கண்டபடி மாறியிருக்காதா? மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஹெச்3-இன் அதே இருபத்தேழாவது லைசின் மெத்தியோனின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறியிருப்பதை, குழந்தைகளுக்கு வரும் ஒருவகை மூளைத்தண்டுப் புற்றுநோயில் 2012-இல் கண்டுபிடித்தார்கள். மிகக் கொடிய நோய் அது.

சரி, நம் குமரி மாவட்டத்துக்கு வருவோம். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேனீப் பெட்டி வளர்ப்பைப் பரப்பியது. அன்றிலிருந்து அருமனை, குலசேகரம் பக்கமெல்லாம் எத்தனையோ வீடுகளுக்கு அது பிழைப்பு. ரப்பர் தளிர்விட்டுத் தேன் கிடைக்கும் மாதங்களில் அவர்களைப் பார்க்கவேண்டும், பேசக்கூட நேரம் இருக்காது. ராணி செத்துப்போன பெட்டியில் என்ன நடக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். வேலைக்காரத் தேனீயாக வளரவேண்டிய இளம்புழுக்களில் சிலவற்றைச் சுற்றித் தேனீக்கள் அறையைப் பெரிதாக்கும். வேர்க்கடலைத் தோடு அளவுக்கு அது கீழ்நோக்கித் தொங்கும். உள்ளே இருக்கும் புழுவுக்கு ராயல் ஜெல்லி மட்டுமே ஊட்டும். புழு அதேதான், டி.என்.ஏ. அதேதான், ஆனால் வெளியே வருவது ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடும் ராணி. மற்றவை தேனும் மகரந்தமும் கலந்த உணவில் வளர்ந்து, வேலை மும்முரமான காலத்தில் சில வாரங்களில் செத்துப்போகின்றன.

இதில் ஹிஸ்டோனுக்கு என்ன பங்கு? ராயல் ஜெல்லியில் உள்ள முக்கியமான கொழுப்பு அமிலம் ஒன்று, அசிட்டைலைப் பிய்க்கும் நொதியைத் தடுக்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. ராணிப் புழுவுக்கும் வேலைக்காரப் புழுவுக்கும் ஹிஸ்டோன் வால்களின் அசிட்டைல் குறிகள் வேறுபடுவதாக 2018-இல் இன்னொன்று. இவை ஐரோப்பியத் தேனீயில் நடந்தவை. நம் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. ராணி உருவாகும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். டி.என்.ஏ.விலேயே ஏறும் மெத்தில் குறிகளுக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஹிஸ்டோன் தலையில் கட்டமுடியாது. எந்த மரபணுப் பக்கம் போகவேண்டும் என்று குறிகளை ஒட்டியும் பிய்த்தும் வைக்கும் நொதிகளுக்கே தெரியாது, டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை அடையாளம் கண்டு ஒட்டும் வேறு புரதங்கள்தான் பெரும்பாலும் அவற்றை அழைத்துச் செல்கின்றன.

இப்போது அந்தப் பெட்டிச் செய்தி. ஹிஸ்டோனில் குறி மாறுவதால் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. ஆகவே "மரபணுவையே மாற்றலாம்" என்ற தலைப்பே தப்பு. பேரப்பிள்ளை விஷயம் அதைவிட மோசம். ஆணின் விந்தணுவில் பெரும்பாலான ஹிஸ்டோன்கள் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்துவிடுகிறது. கரு உருவாகும் நாட்களில் மீதிக் குறிகளும் பெருமளவு அழிக்கப்படுகின்றன. செடிகளிலும் சில புழுக்களிலும் இத்தகைய குறிகள் தலைமுறை தாண்டுவது உண்டு. மனிதரில் தாத்தாவின் எண்ணம் பேத்தியின் ஹிஸ்டோனுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் காட்டிய ஆய்வு எதுவும் இல்லை.

எண்ணத்தால் முடியாவிட்டாலும் மருந்தால் அந்தக் குறிகளை மாற்றமுடியும். வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் வால்புரோயேட், அசிட்டைலைப் பிய்க்கும் நொதியைத் தடுக்கிறது என்று 2001-இல் தெரிந்தது. (மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், எதுவானாலும் டாக்டரைக் கேளுங்கள்.) அதே வேலையைச் செய்யும் வோரினோஸ்டாட்டுக்கு, தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை தேவையான ஒரு மரபணுவைத் தேடிப்போய்த் திறப்பவை அல்ல. ஒரே சமயத்தில் எத்தனையோ மரபணுக்களின் போக்கை மாற்றும். பக்கவிளைவுகளும் அதற்கேற்ப உண்டு. விவரம் தெரிந்த டாக்டர்களே எச்சரிக்கையோடு கையாளும் சங்கதி இது. இப்படிப்பட்ட வேலையைச் செய்வதாகச் சொல்லித்தான் சிலர் எதையோ டப்பாவில் அடைத்து, "டி.என்.ஏ.வைச் சீராக்கும்" என்று அச்சடித்து விற்கிறார்கள். உங்கள் பெட்டிச் செய்தியைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அவர்களுக்கு இன்னும் வசதி.

ஹிஸ்டோனுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கி, அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லலாம். அவருக்கு எழுத வருகிறது. அப்புறம், அந்தக் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் ஒரு மனித உயிரணுவின் டி.என்.ஏ. நீளம் 2 மில்லிமீட்டர் என்று அச்சாகியிருக்கிறது. அது 2 மீட்டர். பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பார்கள், அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.