நான் கேட்டது செக்கு, நீங்க குடுத்தது சிந்து மாடு

பெறுநர்: மேனேஜர் அவர்களுக்கு, லோகோ டிசைன் கம்பெனி, கோயமுத்தூர்.
அனுப்புநர்: மரச்செக்கு எண்ணெய் யாவாரம் பண்ற விவசாயி, வெள்ளகோவில் பக்கம்.
பொருள்: 10,030 ரூவா வாங்கீட்டு மூட்டைலயும் அடிக்க முடியாத, பாட்டில்லயும் ஒட்ட முடியாத லோகோ குடுத்தது சம்பந்தமா.

வணக்கமுங்க.

மாசி மாசம் ஆர்டர் குடுத்தனுங்க, இப்ப வைகாசி பாதி ஓடிப்போச்சு. போன்ல பேசிப் பாத்தாச்சு, வாட்சப்ல பத்து மெசேஜ் போட்டாச்சு, நீல டிக் உழுகுது, பதிலு மட்டும் வர்றதில்லீங்க. அதனாலதான் உக்காந்து இத எழுதறேன். நான் எழுதற ஆளில்ல, முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க, ஆனா சொல்றது பூராவும் நெசம்.

நான் மொதல்ல கேட்டது என்னன்னு உங்களுக்கு மறந்திருக்கும், அதனால மறுக்கா சொல்றேன். எங்க அப்பாரு காலத்துல தேங்காப் பருப்பு மூட்டைய காங்கயத்துக்கு ஏத்தி உடறப்ப, மூட்டை மேல ஒரு மார்க்கு அடிப்பாங்க. தகரத்துல எழுத்த வெட்டி எடுத்து அச்சு மாதிரி வெச்சிருப்பாங்க, அத சாக்கு மேல வெச்சு கறுப்பு மசிய தொட்டு பிரஷ்ல ஒத்தி எடுத்தா ரண்டு நிமிசத்துல வேல முடிஞ்சுது. ஒரே கலரு. நூறு மூட்டை ஒட்டுக்கா அடுக்கிக் கெடந்தாலும் எங்க மூட்டை எதுன்னு படிக்கத் தெரியாத ஆளுகூட தூரத்துல இருந்தே சொல்லிருவாங்க. அந்தத் தகரம் இன்னும் எங்கூட்டு அட்டாழில, அதாவது பரண்ல கெடக்குதுங்க, துருப்புடிச்சு. அத போட்டோ எடுத்து உங்க ஆபீஸ் அம்மிணிக்கு அனுப்பி, இதாட்ட சிம்பிளா ஒரு செக்கு, ஒரு உலக்க, அடியில தோட்டத்துப் பேரு, ஒரே கலர்ல வேணுமுங்க, மூட்டைல அடிச்சாலும் தெரியோணும், நூறு மில்லி பாட்டில்ல ஒட்டுனாலும் தெரியோணும்னு சொன்னேன். எம்பொண்ணு காலண்டர் பின்னால பென்சில்ல வரைஞ்சு குடுத்த படத்தயும் சேத்தித்தான் அனுப்புனேன். "சூப்பர் சார், புரிஞ்சுது சார்"ன்னு சொன்னாங்க. 8,500 ஃபீசு, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,530, ஆக மொத்தம் 10,030. முழுசும் கட்டியாச்சு, பில்லு எங்கிட்ட இருக்குது.

மொத டிசைன் வந்துச்சு. சூரியன் உதிக்குது, மல, டிராக்டர், அமெரிக்கா சினிமால வர்ற மாதிரி ஒரு செவப்பு கொட்டாய், ரண்டு பக்கமும் கோதுமக் கதிரு. ஏனுங்க, வெள்ளகோவில்ல எந்தக் காட்டுலங்க கோதும வெளையுது? எங்க காட்டுல கடல, எள்ளு, தென்ன, வேலிக்கு கிளுவ. பருப்பும் கடலையும் ஆட்டி எண்ணெய் விக்கறவன் பாட்டில்ல கோதும எதுக்குன்னு கேட்டா, "அது ஃபார்ம்னாவே எல்லாரும் போடறது சார்"ங்கறாங்க. எல்லாரும் போடறத போடறதுக்கு உங்களுக்கு எதுக்கு சாமி காசு?

மாத்தச் சொன்னேன். ரண்டாவதுல டிராக்டரு போயி மாடு வந்துச்சு. முன்னெல்லாம் செக்க மாடுதான சுத்துச்சு, அதனால மாடு வெச்சோம்னு வெளக்கம் சொன்னாங்க. சரி அந்த ரோசன தப்பில்ல, நம்முளுது இப்ப மோட்டர்ல ஓடற வாக மரச் செக்குன்னாலும் மாடு இருந்துட்டுப் போகட்டும்னு உட்டேன். ஆனா வெச்சது எந்த மாடு தெரியுங்களா? வெள்ளையும் கறுப்புமா திட்டுத்திட்டா, திமிலே இல்லாத சிந்து மாடு, எங்க பக்கம் சீம மாட்ட அப்படித்தான் சொல்றது! காங்கயத்துக்கு பக்கத்துல இருந்துட்டு அந்த மாட்ட போர்டுல வெச்சா ஊரு சிரிக்காதுங்களா. காங்கயம் மாட்டுக்கு திமிலு எப்படி நிக்கும், கொம்பு எப்படி வெளிய விரிஞ்சு பின்னால வளைஞ்சு நுனில கூடற மாதிரி வரும், காளைக்கு திமிலுலயும் கழுத்துலயும் எப்படி கறுப்பு ஓடும்னு அஞ்சு போட்டோ அனுப்புனேன், அதுவும் என் சொந்தத் தொண்டுப்பட்டில நிக்கற மாடுகளோடது. ஒத்தக் கோட்டுல திமிலயும் கொம்பயும் இழுத்தாப் போதுமுங்க, வேற ஒண்ணுமே வேண்டாம், இந்தப் பக்கத்துல எந்தக் கொழந்தையும் என்ன மாடுன்னு சொல்லீரும். அதுக்கு வந்த பதிலு, "இது ரண்டாவது கரெக்ஷன் சார், எக்ஸ்ட்ரா 750 ஆகும்". ஆர்டர் எடுக்கறப்ப அன்லிமிடெட் கரெக்ஷன்னு சொன்னது யாருங்க, எங்க அப்பாருங்களா?

இதுக்குள்ள சித்திர வந்துருச்சு. கண்ணபுரம் மாரியம்மன் தேர் நோம்பிக்கு மாட்டுச் சந்த கூடும், நாலு பக்கத்து சனமும் வரும், அங்க ஒரு ஸ்டால் போடறதா முன்னயே ஒத்துக்கிட்டேன். வேற வழி இல்லாம நீங்க குடுத்ததயே ஆறடி ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தேன். நீங்க அனுப்புனது வாட்சப்ல வந்த ஒரே ஒரு ஜேபிஜி, 84 கேபி. அத ஆறடிக்கு இழுத்தா என்ன ஆகும்? மாடு கட்டங் கட்டமா லுங்கியாட்ட வந்துச்சு. காங்கயம் மாட்டுக்குன்னே கூடற சந்தைல, ஊரே நல்ல மாடு புடிச்சுட்டு நிக்கற எடத்துல, நான் மட்டும் கட்டம் போட்ட சிந்து மாட்டுக்குக் கீழ உக்காந்து எண்ணெய் வித்தனுங்க. ஒரு பெரியவர் நின்னு பாத்துட்டு, "ஏனப்பா, சிந்து மாட்டுல எண்ணெ கறக்கறயா?"ன்னு கேட்டுட்டு போனாரு. பக்கத்துக் கடைக்காரன் அன்னைக்கு அந்தி வரைக்கும் அதயே சொல்லிச் சொல்லி சிரிச்சான். எண்ணெய் வித்துச்சு, அத இல்லீங்கல, அது எண்ணெயோட கொணம், உங்க லோகோவால இல்ல.

சந்த முடிஞ்சு மூட்டைக்கு அடிக்கலாம்னு ஈரோட்டுல ஸ்கிரீன் பிரிண்டிங் பண்ற தம்பிகிட்ட போனேன். நாட்டுச் சக்கரையும் நம்ம விக்கறமுங்க, கவுந்தப்பாடில எடுத்து முப்பது கிலோ பையில போடறது. படத்த பாத்த ஒடனே அந்தத் தம்பி தலையில கை வெச்சுட்டாரு. "அண்ணா, இது ஏழு கலரு, ஸ்கிரீன்ல ஒரு கலருக்கு ஒரு ஃப்ரேம் போடோணும், இதுல ஒரு கலரு இன்னொண்ணுக்குள்ள கரையற மாதிரி வேற இருக்குது, இத சாக்குல எடுக்கவே முடியாது"ன்னாரு. அப்பறம் "கோரல்டிரா ஃபைல் இருக்குதுங்களா, இல்லாட்டி இல்லஸ்ட்ரேட்டரோட ஏஐ ஃபைல், எஸ்விஜி, எதாச்சு வெக்டர்"ன்னு கேட்டாரு. வெக்டர்னா என்னன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். கோடா கணக்குப் போட்டு வெச்சிருக்கற படமாம், தீப்பெட்டி அளவும் அடிக்கலாம், லாரி அளவும் அடிக்கலாம், ஒடையாதாம். ஜேபிஜி புள்ளி புள்ளியா இருக்கறது, இழுத்தா ஒடையும். டீ குடிக்கற நேரத்துல அவரு சொல்லிக் குடுத்தாருங்க, காசு வாங்குன நீங்க மூணு மாசத்துல ஒரு வார்த்த சொல்லல. கலரும் அப்படித்தான், போன்ல கிளிப் பச்சையா பளபளன்னு மின்னுனது ஸ்டிக்கர்ல வேப்பல காஞ்சாப்ல வந்துச்சு. போன்ல தெரியறது வெளிச்சம், பேப்பர்ல உழுகறது மசி, அதுக்குன்னு சிஎம்ஒய்கே-ங்கற அச்சு மசிக் கணக்குல தனியா கலர் போட்டுக் குடுத்திருக்கோணும்னாரு.

ஸ்டிக்கர் ஆயிரம் அடிச்சது அப்படியே கெடக்குது. சின்ன பாட்டில்ல ஒட்டுனா மாடு ஈ உக்காந்தாப்ல தெரியுது, பேர படிக்கவே முடியல. படிக்க முடிஞ்சாலும் தப்புத்தான், ஏன்னா தமிழ் எழுத்து ஒடஞ்சு கெடக்குது. 'தோட்டம்'ங்கறதுல கொம்பு 'த'வுக்கு முன்னால நிக்கோணும், உங்குளுதுல அது பின்னால போயி துணக்கால்கூட ஒட்டி நிக்குது. உங்க சாஃப்ட்வேர்ல இந்திய மொழிக்குன்னு ஒரு செட்டிங் இருக்குதாம், அத போடாம உட்டா இப்படித்தான் எழுத்து எடம் மாறி நிக்குமாம், என் மச்சினன் பையன் யூடியூப் பாத்து கண்டுபுடிச்சான். அட அது தெரியாட்டியும் போகுது, தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரு அனுப்பறதுக்கு முன்னால ஒருக்கா பாத்திருந்தா போதாதுங்களா? கோயமுத்தூர்ல கம்பெனி வெச்சிருக்கறீங்க!

இனி சொல்றதுதான் எனக்கு நெசமாவே பயத்த குடுத்துச்சு. அதே பையன் கூகுள் லென்ஸ்ல அந்தப் படத்தப் போட்டான். அதே சூரியன், அதே மல, அதே மாடு, ஒரு வித்தியாசமில்லாம உலகம் பூரா கெடக்குது. பால் கம்பெனி, உரம், ஒரு எடத்துல நாய்த் தீவனம்கூட. அத நீங்க வரையவே இல்ல, ஸ்டாக்ல, அதாவது யாரு வேணா எடுத்துக்கற ரெடிமேட் படத்துல இருந்து எடுத்து பேரு மட்டும் மாத்தி உட்டிருக்கறீங்க. ட்ரேட்மார்க் போடலாம்னு ஆடிட்டர் ஆபீசுக்கு போனேன், என்னாட்ட தனி ஆளு ஆன்லைன்ல போட்டா ஒரு கிளாசுக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு 4,500 ரூவா, சமையல் எண்ணெய் 29-ல வரும், சக்கர 30-ல வரும், ரண்டுக்கும் 9,000 ஆகும், ஆனா ஊரெல்லாம் இருக்கற படத்துக்கு இத கட்டறது வேஸ்ட்டுன்னு அவரே சொல்லீட்டாரு. அது போக லோகோ ஓரத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்டிருக்கறீங்களே, அது பதிவு ஆன மார்க்குக்கு மட்டுந்தான் போடோணுமாம், பதிவே பண்ணாம போடறது சட்டப்படி தப்பாம். கீழ 'ஆர்கானிக்'னு வேற எழுதி உட்டிருக்கறீங்க. நான் கேட்டனுங்களா? எங்கிட்ட அந்த சர்டிபிகேட் இல்ல, நான் யாருகிட்டயும் அப்படிச் சொல்லி விக்கறதும் இல்ல. நாளைக்கு புட் சேஃப்டி ஆபீசர் வந்து பாட்டில தூக்கிப் புடிச்சுக் கேட்டா பதில் சொல்றது நானா, நீங்களா?

அந்த டிசைன் பண்ற அம்மிணி மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்லீங்க, மரியாதையாத்தான் பேசுனாங்க. ஒரு நாளைக்கு எத்தன லோகோ முடிக்கோணும்னு நீங்க சொல்லி வெச்சிருக்கறீங்களோ, அவிங்க என்ன பண்ணுவாங்க. எனக்கு ஆகாதது நீங்க காசு வாங்கறப்ப பேசுன பேச்சும், இப்ப போன் எடுக்காம இருக்கறதும்.

இப்ப நான் கேக்கறது ஒண்ணும் பெருசில்ல. ஒண்ணு, செக்கு, உலக்க, பேரு, ஒரே கலருன்னு நான் மொதல்ல சொன்னத புதுசா கையில வரைஞ்சு, தமிழ் எழுத்து ஒடையாம, வெக்டர் ஃபைலோட குடுங்க. கறுப்புல ஒண்ணு, கறுப்பு டின் மேல அடிக்க வெள்ளைல ஒண்ணு, தோட்டத்துப் பச்சைல ஒண்ணு, அந்தப் பச்சைக்கு பிரிண்ட்டுக்கான கலர் நம்பரோட. வட்டத்து ஆரும் வேண்டாம், ஆர்கானிக்கும் வேண்டாம். இந்தப் படம் இனி இந்தத் தோட்டத்துக்கு மட்டுந்தான் சொந்தம்னு கம்பெனி லெட்டர்ல கையெழுத்துப் போட்டு சேத்தி அனுப்பீருங்க. அது முடியாதுன்னா கட்டுன 10,030-ஐயும், வீணாப் போன ஸ்டிக்கருக்கு 2,200, ஃப்ளெக்ஸ்க்கு 600-ஐயும் திருப்பி அனுப்புங்க, பில்லெல்லாம் இதுகூட வெச்சிருக்கறேன். அந்த 750-ஐ நான் கட்டல, கட்டவும் மாட்டேன்.

பதினஞ்சு நாள் பாப்பேன். பதிலு வரலீன்னா கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சுட்டு, அப்பறம் நம்ம மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுல போட்டுட்டு போய்ட்டே இருப்பேன். மெரட்டறதா நெனைக்காதீங்க, முன்கூட்டி சொல்லீர்றது எங்க பழக்கம்.

அட்டாழில இருந்த தகரத்த எறக்கி, மண்ணெண்ண போட்டுத் தொடச்சு வெச்சிருக்கறேன். நீங்க குடுக்கற வரைக்கும் சக்கரப் பைக்கு அதுதான் ஓடுது. போன் பண்றதா இருந்தா காத்தால பத்து மணிக்கு மேல பண்ணுங்க, அதுக்கு முன்னால செக்கு ஓடும், சத்தத்துல ரிங்கு கேக்காது.

இப்படிக்கு,
செக்குக்காரர், வெள்ளகோவில் பக்கம்.

இணைப்பு: பில்லு, வாட்சப் பேச்சு, காலண்டர் படம், தகரத்தோட போட்டோ, சந்தைல எடுத்த ஃப்ளெக்ஸ் போட்டோ (பின்னால சிரிக்கறது பக்கத்துக் கடைக்காரன்).